குமரியில் ஓர் ஆராய்ச்சித் துளை வேண்டும்

2014-ல் சுவீடன் மலைப்பகுதியில் ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட்டார்கள். எண்ணெய்க்காக இல்லை, தாதுவுக்காகவும் இல்லை. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு கண்டங்கள் மோதியதில் அங்கே இமயமலை மாதிரி ஒரு மலைத்தொடர் எழுந்தது. மேலே இருந்ததை மழையும் பனியாறும் தேய்த்துக் கொண்டுபோய்விட்டன. மிஞ்சிய அடிப்பகுதிக்குள் இறங்கி, மலை உருவான விதத்தைப் பார்ப்பதற்காகவே போட்ட துளை அது. 2020-ல் அதே வட்டாரத்தில் இரண்டாவது துளையும் போட்டுவிட்டார்கள்.

அதைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குப் பெரிய ஆதங்கம். அந்த வேலைக்கு நம்ம மாவட்டம் எவ்வளவு தோதான இடம்!

நாகர்கோவில், தக்கலை பக்கம் நாம் தினமும் கடந்துபோகிற சார்னோகைட் பாறைகள் லேசுப்பட்டவை அல்ல. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்டிகா எல்லாம் நெருங்கி ஒட்டி கோண்டுவானா பெருங்கண்டம் ஆனபோது, இங்கே எழுந்த மலைத்தொடரின் அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் சூட்டில் வெந்து உருமாறியவை. இன்று நாம் காணும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடிவம் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது.

நம்ம கடற்கரை மணலும் அந்தப் பாறைகள் உதிர்ந்து வந்ததுதான். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சி என்றாலே நமக்கு நினைவு வருவது அதுதானே. மோனசைட்டில் உள்ள யுரேனியமும் தோரியமும் மெல்ல மெல்ல ஈயமாக மாறுவதால், அந்த அளவை வைத்துப் பாறை எப்போது வெந்தது என்று கணக்கிடலாம். அந்த வெப்பமே எங்கிருந்து வந்தது என்பதில்தான் இன்னும் விவாதம். பாறைக்குள் இருந்த தோரியம் போன்ற கதிரியக்கத் தனிமங்களே கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சூடேற்றின என்று ஒரு கருத்து உண்டு. ஆழத்துக்கு ஆழம் பாறையை எடுத்துத் தோரியத்தை அளந்தால் அதைச் சோதிக்கலாம். அந்தக் கேள்விக்கு நம்ம மண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

மேலேயே பாறை தெரிகிறதே, துளை எதற்கு என்று கேட்பீர்கள். மேலே உள்ளது நம்ம ஊர் மழையில் ஊறி, இற்று, துண்டு துண்டாகத் தெரிவது. ஒன்றன்கீழ் ஒன்றாக எது எதன்மேல் ஏறியது என்று அதில் தொடர்ச்சியாகப் படிக்க முடியாது. கணிப்பை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. ரஷ்யாவின் கோலாவில் 12,262 மீட்டர் வரை போனார்கள். நில அதிர்வு அலைகளை வைத்து, 7 கிலோமீட்டர் வாக்கில் கிரானைட் முடிந்து பசால்ட் என்ற எரிமலைப் பாறை வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். வரவில்லை. விரிசல் விட்ட கிரானைட்டும் அதற்குள் தண்ணீரும்தான் இருந்தன.

துளை என்றதும் நம்ம ஆட்களுக்குப் பயம் வரும். கிள்ளியூர் பக்கம் மணல் எடுக்கும் திட்டத்தை மக்கள் எதிர்த்து நின்றது நியாயம், நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் இது வேறு. வைரம் பதித்த உள்ளீடற்ற முனையால் அறுத்து, பாறையை உருளை உருளையாக மேலே எடுப்பார்கள். நாம் கிணற்றுக்குப் போடும் போர் பாறையை இடித்துப் பொடியாக ஊதித் தள்ளிவிடும். இதில் ஒவ்வொரு உருளையும் ஆழம் எழுதிப் பெட்டியில் ஏறும். சுவீடன் உருளைகள் இன்று பெர்லினில் பத்திரமாக இருக்கின்றன. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1967-ல் நிலநடுக்கம் வந்த மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சோதனைத் துளை போட்டார்கள். காராடில் அதற்கென ஆய்வகமே இருக்கிறது.

என்னைச் சுடுவது இதுதான். இந்தப் பாறையைப் பார்க்க மற்றவர்கள் கிலோமீட்டர் கணக்கில் தோண்டுகிறார்கள். நாம் அதை ஜல்லியாக உடைத்து, டாரஸ் லாரியில் களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போக விடுகிறோம். வெட்டுவதற்கு முன் அதை யாராவது படித்தார்களா? எந்த மலையின் எந்த மட்டத்தில் எடுத்தது என்ற குறிப்பாவது உண்டா?

ஆழ்துளைக்கு நிதி வர வருஷங்கள் ஆகலாம். அதுவரை ஒன்று செய்யலாம். கல்குவாரிக்கு அனுமதி தரும்போதே, மட்டத்துக்கு மட்டம் பாறை மாதிரி எடுத்து, இடமும் உயரமும் எழுதி ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். வைக்க இடமா இல்லை? நாகர்கோவிலில் ஏதாவது ஒரு அரசுக் கட்டடத்தில் பூட்டுப் போட்ட ஓர் அறையும் நாலு இரும்பு அலமாரியும் போதும்.