குரைப்பதெல்லாம் காவல் இல்லை

எங்கள் வீட்டு கேட்டை யார் திறந்தாலும் எங்கள் இரண்டு நாய்களில் முதலில் ஓடி வந்து கத்துவது லாப்ரடார்தான். ராட்வைலர் மெதுவாக எழுந்து வந்து, வந்தவருக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்பான். சத்தமே இருக்காது. பார்க்கிறவர்கள் "இவன் சுத்த சோம்பேறி, அந்த லாப்ரடார்தான் காவல் நாய்" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த லாப்ரடாரை உற்றுப் பாருங்கள். குரைத்துக்கொண்டே பின்னால் நகர்வாள். வால் கால்களுக்கு நடுவில், உடம்பின் பாரம் முழுக்கப் பின்னங்கால்களில். அது பயம். கூரியர்காரர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். 'நான் கத்தினேன், ஆள் ஓடிவிட்டான்' என்பது இவள் கணக்கு. தினமும் ஜெயிக்கிற ஆட்டத்தை யார்தான் நிறுத்துவார்கள்?

காவலுக்கென்றே வளர்த்தெடுத்த இனங்களைப் பார்த்தால் அடக்கம்தான் முதலில் தெரியும். இங்கிலாந்தில் புல்மாஸ்டிஃபை வேட்டைக்காடுகளின் காவலர்கள் வைத்திருந்தார்கள். திருட்டு வேட்டைக்காரனைக் கீழே தள்ளி அமுக்கிப் பிடிக்க வேண்டும், கடித்துக் குதறக் கூடாது. அதுதான் அதன் வேலை.

எனக்கு ரொம்பப் பிடித்தது மரெம்மா. இத்தாலியில் ஆட்டு மந்தையோடு வாழ்கிற வெள்ளை நாய். குட்டியிலேயே ஆடுகளோடு விட்டுவிடுவார்கள், ஆடுகளையே தன் கூட்டமாக எண்ணி வளரும். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் கரையோரம் ஒரு சின்னத் தீவு. தண்ணீர் வற்றும்போது நரிகள் நடந்தே போய்ப் பென்குயின்களைத் தின்றதில், 2005 வாக்கில் பத்துகூட மிஞ்சவில்லை. 2006இல் மரெம்மாக்களைக் கொண்டுபோய் விட்டார்கள், பென்குயின்கள் மறுபடி பெருகின. நாய்கள் அங்கே சுற்றித் திரிந்து வாசனை வைத்தாலே போதும், நரி வர யோசிக்கும்.

2022இல் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒவ்வொரு நாயின் குணத்திலும் தெரியும் வித்தியாசத்தில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தானாம். சரி, அதற்காக முயல் வேட்டைக்கு வளர்த்த பீகிள் நாயிடம் மந்தையை ஒப்படைக்க மாட்டேன். ஆனால் இனப் பெயரை நம்பி நாய் வாங்கி, 'முரட்டுத்தனம் வரட்டும்' என்று நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டுகிறவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. அந்த நாய்க்குத் தப்பி ஓட வழியில்லை, மிச்சம் இருப்பது பல் மட்டும். பிறகு குழந்தையைக் கடித்தால் 'இந்த இனமே அப்படித்தான்' என்பார்கள்.

எங்கள் லாப்ரடாரைத் திட்டிப் பார்த்தோம், பயம் இன்னும் கூடியது. அப்புறம் கேட் சத்தம் கேட்டவுடனே, அவள் வாய் திறப்பதற்குள் ஒரு பிஸ்கட் என்று ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஆனது. இப்போது இரண்டு குரைப்பு குரைத்துவிட்டு நேரே வந்து என் சட்டைப் பையை மோந்து பார்க்கிறாள். ராட்வைலர் வழக்கம்போல வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறான்.