சும்மாதானே உக்காந்திருக்க

நேத்து சாயங்காலம் சொந்தத்துல ஒருத்தர், எனக்கு சித்தப்பா முறை, போன் பண்ணி எடுத்த எடுப்புலயே ஆரம்பிக்கறாரு. "ஏன்டா நாலு தடவ கூப்பிடறேன், ஒரு தடவ எடுக்க முடியாதா, ஆஸ்பத்திரில சும்மாதானே உக்காந்திருக்க?" எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. ஆனா ஒண்ணும் சொல்லல, "டிரிப்ஸ் மாத்திட்டு இருந்தாங்க சித்தப்பா"ன்னு மழுப்பிட்டேன். இப்ப ராத்திரி மணி ரெண்டரை. அம்மா இப்பதான் கண்ணசந்தாங்க. எனக்குத்தான் அந்த சும்மா காதுக்குள்ள வண்டு மாதிரி குடையுது, இத எங்கயாச்சும் கொட்டித் தீத்தாதான் நாளைக்கு யார் மேலயும் எரிஞ்சு விழாம இருப்பேன்.

இன்னியோட 23 நாள். அம்மாவுக்கு 57 வயசு, ரத்தப் புற்றுநோய், அக்யூட் மைலாய்டு லுக்கீமியா. கால்ல எங்கயும் இடிச்சுக்காமலே நீலம் நீலமா தடம், பல்லு தேய்ச்சா ஈறுல ரத்தம், மாடி ஏறுனா மூச்சு வாங்குது, எல்லாத்துக்கும் "வயசாகுதுல்ல"ன்னு சொல்லியே நாள ஓட்டிட்டோம் (இதுல என் மேல எனக்கே இருக்கற கோவம் தனி, அத இன்னொரு நாள் வச்சுக்கறேன்). வந்த நாலாம் நாளே கீமோ ஆரம்பிச்சுட்டாங்க. 7+3ன்னு சொல்லுவாங்க. 7 நாள் சைட்டராபின், ராவும் பகலும் நிக்காம இறங்கிக்கிட்டே இருக்கும், அதுல 3 நாள் கூடவே டானோரூபிசின்னு செக்கச்செவேல்னு ஒரு மருந்து. அது ஏறுன அன்னிக்கு யூரின் சிவப்பா வரும். முன்கூட்டியே சொல்லி வச்சாங்க, இல்லன்னா அதப் பாத்து எனக்கே ஒரு பெட் போட்டிருக்கணும்.

"கீமோதான் முடிஞ்சிருச்சுல்ல, அப்புறம் என்னத்துக்கு அங்கயே புடிச்சு வச்சிருக்காங்க, வீட்டுக்குக் கூட்டிட்டு வரவேண்டியதுதானே"ன்னு அதே போன்ல அடுத்த கேள்வி. இந்தக் கேள்விய இதுவரைக்கும் ஒரு பத்து பேராவது கேட்டிருப்பாங்க. கீமோ ஏறுற 7 நாள் ஒரு மாதிரி ஓடிரும்ங்க, அதுக்கப்புறம்தான் இருக்கு விஷயமே. இந்த மருந்து எலும்பு மஜ்ஜைக்குள்ள பூந்து கெட்டது நல்லது பாக்காம மொத்தத்தையும் வழிச்சுப் போட்டுரும், அதுக்கப்புறம் நல்ல செல்லு தானா முளைச்சு வரணும், அதுக்கு மூணு வாரம் நாலு வாரம் ஆகும், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும், அதுவரைக்கும் உடம்புல காவலுக்கு ஆளே கிடையாது. நியூட்ரோஃபில்னு ஒரு வெள்ளையணு இருக்கு, சாதாரணமா 1500க்கு மேல இருக்கணும், 500க்கு கீழ போனா ஆபத்து. எங்கம்மாவுக்கு பத்து நாளா 100ஐத் தாண்டல. அதாவது நமக்கு ரெண்டு தும்மலோட போற கிருமி அம்மாவுக்கு ஐசியு வரைக்கும் கொண்டு போயிரும். காத்துக்கிட்டு இருக்கறதுதான் இங்க வைத்தியத்துல பாதி, அத சும்மான்னா நான் என்னத்தச் சொல்றது.

சரி அந்தக் காத்திருக்கறதுல என்னதான் பண்றேன்னு கேட்டீங்கன்னா, வந்த பதினஞ்சாவது நாள் ராத்திரி, அம்மா போர்வைய இழுத்து இழுத்துப் போத்திக்கறாங்க, தொட்டா சுடுது, தெர்மாமீட்டர் வச்சா 101. இந்த மாதிரி வெள்ளையணு கவுண்ட் இல்லாத நேரத்துல 100.4 தாண்டுனாலே எமர்ஜென்சி, ஒரு மணி நேரத்துக்குள்ள ஆண்டிபயாடிக் ஏறணும், காய்ச்சல் மாத்திரையக்கூட நம்மளா குடுத்துரக் கூடாது, காய்ச்சல் தணிஞ்ச மாதிரி காட்டிட்டு உள்ள இன்ஃபெக்‌ஷன் பாட்டுக்கு ஓடும். பெல்ல அமுக்கறேன், அமுக்கறேன், யாரும் வரல. வெளிய ஓடிப் பாத்தா அவ்ளோ பெரிய வார்டுக்கு ரெண்டே சிஸ்டர், ஒருத்தங்க ரத்தம் ஏத்திட்டு இருக்காங்க, இன்னொருத்தங்க வாந்தி எடுத்த பேஷண்ட்ட புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அவங்கள நான் எப்படித் திட்டுவேன்? ரெண்டு பேர வச்சு வார்டு ஓட்டலாம்னு மேல எவனோ முடிவு பண்ணிருக்கான் பாருங்க, அவன் ஒரு நாளும் இந்த வராந்தாவுல ராத்திரி நடந்திருக்க மாட்டான்.

டியூட்டி டாக்டர் வந்தாரு, புதுசு, அன்னிக்குத்தான் இந்தப் பக்கம் போட்டிருக்காங்க. என்ன கிருமின்னு பாக்கற கல்ச்சர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தாங்க, மருந்து எழுதுனாரு, சிஸ்டர் கலக்கறாங்க. என்ன மருந்துன்னு கேட்டேன். பைப்பராசிலின். அம்மாவுக்கு பென்சிலின் ஆகாது, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ போட்டு முகமெல்லாம் வீங்கி மூச்சுத் திணறிருக்கு, அது ஃபைல்ல முதல் பக்கத்துலயே சிவப்பு மையில இருக்கு, இது அதே குடும்பத்து மருந்து. "சார் பென்சிலின் அலர்ஜி இருக்கு"ன்னேன். அவரு என்னைப் பாத்தாரு, ஃபைலப் பாத்தாரு, "ஓ"ன்னாரு. அவ்ளோதான். ஓ. மருந்த மெரோபெனம்னு மாத்தி எழுதிட்டுப் போயிட்டாரு. நான் அப்ப பாத்ரூம் போயிருந்தா? அசந்து தூங்கிட்டு இருந்தா? கை நடுங்குறது நிக்க எனக்கு விடியற வரைக்கும் ஆச்சு. இந்த வேலைக்குப் பேருதான் சும்மா உக்காந்திருக்கறது சித்தப்பா.

ரவுண்ட்ஸ் பத்திப் பேசாம விட்டா என் கட்ட வேகாது. பெரிய டாக்டர் எப்ப வருவாருன்னு கேட்டா "காலைல வருவார்"னு சொல்லுவாங்க. காலைலன்னா எட்டும் காலைலதான், மத்தியானம் ஒண்ணும் அவங்க கணக்குல காலைலதான். அஞ்சு கேள்வி போன்ல எழுதி வச்சிருப்பேன், பசிச்சாலும் எந்திரிக்க மாட்டேன், தண்ணி குடிச்சா பாத்ரூம் வருமேன்னு தண்ணி குடிக்க மாட்டேன். ஒரே ஒரு நாள், நாலு நிமிஷம், பிளாஸ்க்கக் கழுவிட்டு வரலாம்னு போனேன். திரும்பி வந்தா அஞ்சாறு வெள்ளைக் கோட்டு முதுகு அடுத்த ரூமுக்குள்ள போயிட்டிருக்கு. "அட்டெண்டர் எங்க, இருக்க மாட்டாரா"ன்னு வேற கேட்டாராம். இருபத்திநாலு மணி நேரத்துல அந்த நாலு நிமிஷம்தான்யா நான் இல்ல! "என்னம்மா சொன்னாரு?" "நல்லா இருக்குன்னு சொன்னாரு." "எதும்மா நல்லா இருக்கு?" "தெரியலப்பா, நல்லா இருக்குன்னாரு." பின்னாடியே ஓடி ஜூனியர புடிச்சுக் கேட்டா "சார்ட்டயே கேட்டுருங்க". அந்த சாரதான் நான் காலைல இருந்து தேடிட்டு இருக்கேன் தம்பி.

இன்னொன்னு இருக்கு, எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். நான் பையன். அம்மாவ பாத்ரூம் கூட்டிட்டுப் போறது, பெட்பேன் வைக்கறது, வந்த யூரின அளவு ஜாடில ஊத்திப் பாத்து சார்ட்ல எத்தன மில்லின்னு எழுதறது எல்லாம் நான்தான். முதல் வாரம் அம்மா என்கிட்ட சொல்லவே இல்ல, அடக்கிக்கிட்டே படுத்திருந்திருக்காங்க, பொம்பள சிஸ்டர் வரட்டும்னு, டிரிப்ஸ் பாட்டில் பாட்டிலா உள்ள போயிட்டு இருக்கு, வயிறு வீங்கி வலி தாங்காமதான் சொன்னாங்க. நான் கத்திட்டேன். ஆமா, கேன்சர் பேஷண்ட்ட, அதுவும் எங்கம்மாவ, "சொல்லித் தொலைய வேண்டியதுதானே"ன்னு கத்துனேன். அம்மா முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம், நான் விளக்க அணைச்சுட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டே புடிச்சுப்பேன், அம்மா பொடனில தட்டுனா முடிஞ்சதுன்னு அர்த்தம். யாரும் பேச மாட்டோம். அம்மாவுக்கு இந்த நோயவிட இதுதான் பெருசா வலிச்சிருக்கும்னு நினைக்கறேன், கேக்கல.

வாய் பூரா புண்ணு. எச்சி முழுங்கவே அழறாங்க. எது வச்சாலும் இரும்பு மாதிரி இருக்குங்கறாங்க, சில்வர் ஸ்பூன தூக்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கினேன், கொஞ்சம் பரவால்ல. பிரஷ்ஷு குழந்தைங்க பிரஷ்ஷு மாதிரி மெத்துன்னு இருக்கணும், ரத்தத்த உறைய வைக்கற பிளேட்லெட் கம்மில்ல, லேசா உரசுனாலே ரத்தம் நிக்காது.

பிளேட்லெட்னதும் ஞாபகம் வருது, இதே சித்தப்பா முன்ன ஒரு நாள், "அதான் தினமும் ஓடறியே, ஒரே தடவையா பத்து பை வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சிர வேண்டியதுதானே" அப்படின்னாரு. நான் சிரிக்கல. பிளேட்லெட்ட ஃப்ரிட்ஜ்ல வைக்க மாட்டாங்க சித்தப்பா, ரூம் சூட்டுலயே வச்சு மெஷின்ல ஆட்டிக்கிட்டே இருப்பாங்க, அதோட ஆயுசு எடுத்ததுல இருந்து அஞ்சே நாள்தான், சாதாரணமா ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது அம்மாவுக்கு பத்தாயிரத்துக்குக் கீழ போகும், ஏத்துனா ரெண்டு மூணு நாள்ல திரும்ப அதே இடத்துக்கு வந்து நிக்கும், நான் திரும்ப போன் பண்ணி ஒவ்வொருத்தரா கெஞ்சணும். "வரேன் வரேன்"னு சொல்லிட்டு அன்னிக்குக் காலைல போன ஆஃப் பண்றவங்க லிஸ்ட்டு என்கிட்ட இருக்கு, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். முன்னப்பின்ன தெரியாத ஒரு காலேஜ் பையன் ரெண்டு மணி நேரம் மெஷின்ல கைய நீட்டிப் படுத்துட்டு, ஒரு நன்றிகூட வாங்கிக்காம கிளாஸுக்கு லேட்டாச்சுன்னு ஓடுனான், அவனையும் மறக்க மாட்டேன்.

பாக்க வர்றவங்க தனி ரகம். வேணாம்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கு, "நாங்க என்ன வெளி ஆளா"ன்னு உள்ள வந்துர்றாங்க. ஒருத்தர் கர்ர் கர்ர்னு இருமிக்கிட்டே "இது அலர்ஜி இருமல்தான், ஒட்டாது"ன்னு கட்டில்லயே உக்காறாரு. மாஸ்க்க தாடைக்குக் கீழ போட்டுக்கிட்டுப் பேசறாங்க. இன்னொருத்தங்க சர்க்கரைய சுத்தமா நிறுத்துனா கேன்சர் பட்டினி கிடந்து செத்துரும்னு அம்மா காதுலயே ஓதிட்டுப் போயிட்டாங்க. கேன்சர் செல்லு சர்க்கரைய நிறைய இழுக்குதுன்னு வார்பர்க்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1920கள்லயே கண்டுபுடிச்சது உண்மைதான், கேன்சர் எங்க இருக்குன்னு காட்டற பெட் (PET) ஸ்கேன் வேலை செய்றதே அத வச்சுத்தான், ஆனா நீங்க வாயில போடலன்னாலும் உடம்பு புரதத்தக் கரைச்சாவது சர்க்கரைய உண்டாக்கிக்கும், அப்ப பட்டினி கிடக்கறது யாரு, எங்கம்மா. நான் ஸ்பூன் ஸ்பூனா ஏமாத்தி ஒரு நாளைக்கு கால் கப்பு உள்ள தள்றேன், இவங்க அஞ்சு நிமிஷத்துல அதையும் கெடுத்துட்டு லிஃப்ட்டுல இறங்கிப் போயிர்றாங்க. அன்னிக்கு ராத்திரி அம்மா "இதுல சர்க்கரை இருக்காப்பா"ன்னு கேட்டு வாய மூடிக்கிட்டாங்க. போறப்ப என்கிட்ட வேற "பாசிட்டிவா இரு, நீதான் தைரியம் சொல்லணும்"னு தோள்ல தட்டறாங்க. தைரியமெல்லாம் இருக்குங்க. ஒரு ராத்திரி வந்து இந்த நாற்காலில உக்காருங்க, நான் வீட்டுக்குப் போய் காலை நீட்டிப் படுத்துட்டு வரேன். இதச் சொன்னா மட்டும் எல்லாருக்கும் மறுநாள் ஏதோ விசேஷம் வந்துருது.

நாற்காலியப் பத்தி ஒரே வார்த்த. இத வடிவமைச்சவன் முதுகெலும்பு இல்லாத பிராணியா இருக்கணும்.

அம்மா நேத்து ராத்திரி முழிச்சுப் பாத்துட்டு, "நீ போய் வெளிய பெஞ்சுல படுப்பா, நான் சும்மாதானே படுத்திருக்கேன், எனக்கென்ன" அப்படின்னாங்க. அவங்க வாயிலயும் அதே சும்மா. சொன்ன ரெண்டு நிமிஷத்துல டிரிப்ஸ் பம்ப் கத்த ஆரம்பிச்சிருச்சு, அம்மா கைய மடக்கிட்டாங்க, லைன் அடைச்சுக்கிச்சு. பெல்ல அமுக்கிட்டு கைய நேரா புடிச்சுக்கிட்டு நின்னேன்.

இப்ப என்ன நிலவரம்னா, விடிகாலைல அஞ்சு மணிக்கு ரத்தம் எடுக்க வருவாங்க. நேத்து நியூட்ரோஃபில் கவுண்ட் 90. அதுக்கு முந்தின நாள் 40. ஏறுதுன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா கண்ணு பட்டுரும்னு ஒரு பயம், படிச்சவன்தான், ஆனாலும் பயம். அடுத்த வாரம் எலும்பு மஜ்ஜை டெஸ்ட், அதுல பிளாஸ்ட் செல், அதாவது முழுசா வளராத செல்லு, 5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா ரெமிஷன், நோய் அடங்கியிருக்குன்னு சொல்லுவாங்க, அப்பவும் முடியாது, அதுக்கப்புறமும் கீமோ இருக்கு.

சித்தப்பா போன வைக்கறப்ப கடைசியா ஒண்ணு சொன்னாரு, "எல்லா ரிப்போர்ட்டையும் போட்டோ புடிச்சு அனுப்பு, எனக்குத் தெரிஞ்சவங்க கிட்ட காட்டிக் கேக்கறேன், சும்மாதானே இருக்க"ன்னு. ரெண்டாவது தடவ. அதான் இத டைப் பண்றதுக்கு முன்னாடி ஃபைல எடுத்து வச்சு, முதல் நாள்ல இருந்து ஒண்ணு விடாம போட்டோ எடுத்து, ஒவ்வொண்ணா அனுப்பி விட்டேன். மொத்தம் 41. ராத்திரி ரெண்டு மணிக்கு.

நீல டிக் வந்துருச்சு. முழிச்சுட்டாரு போல.