பொதுச் சேவை என்றால் அரசுடைமை இல்லை

"செயற்கை நுண்ணறிவைப் பொதுச் சேவையாக ஒழுங்குபடுத்தினால் அரசு அதைப் பிடுங்கிக்கொள்ளும், அத்தோடு கண்டுபிடிப்பும் நின்றுவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை இது.

பொதுச் சேவை ஒழுங்குமுறை, அதாவது தனியாரிடம் இருக்கும் அத்தியாவசியச் சேவையின் கட்டணத்தை அரசு கட்டுப்படுத்துவது வேறு, அரசுடைமை வேறு. சிகாகோவின் தானியக் கிடங்குகள் தனியாருடையவை. அவை வாங்கும் கட்டணத்துக்கு இல்லினாய் மாநிலம் உச்சவரம்பு வைத்தது. அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1877இல், மன் வழக்கில் தீர்ப்பளித்தது. கிடங்குகள் உரிமையாளர்களிடமேதான் இருந்தன. விளைந்ததையெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் அனுப்பியாக வேண்டும் என்ற நிலையில், வாசல்காரர் கேட்டதுதான் விலை என்று விட முடியாது, வாதம் அவ்வளவுதான்.

சரி, கண்டுபிடிப்பு? அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி தனியாருடையது. தொலைபேசிக் கட்டணமோ ஒழுங்குமுறையின் பிடியில் இருந்தது. அதன் பெல் ஆய்வகத்தில்தான் 1947இல், இன்றைய சிப்புகளுக்கு அடிப்படையான டிரான்சிஸ்டர் பிறந்தது. (ஏகபோக லாபம்தான் ஆய்வுக்குச் சோறு போட்டது என்று திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.)

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒழுங்குபடுத்தும் அரசு முதலீட்டுக்கு ஏற்ப லாபம் அனுமதித்தால், நிறுவனத்துக்குத் தேவைக்கு மேல் முதலீட்டைக் குவிக்கத் தூண்டுதல் வரும் என்று பொருளியலாளர்கள் ஏவர்ச், ஜான்சன் இருவரும் 1962இலேயே காட்டினார்கள். செயற்கை நுண்ணறிவை இயக்கும் தரவு மையங்களுக்கு இது அப்படியே பொருந்தக்கூடும். அப்புறம், எதை ஒழுங்குபடுத்துவது: சிப்பையா, இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் மேகக் கணினியையா, செயற்கை நுண்ணறிவு மாடலையா? எதிர்க்க வேண்டுமென்றால் இதை வைத்து எதிர்க்கலாமே.