பல தொழில், ஒரே மழை

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தகரப்பெட்டி நிறையப் பர்மா நிலப் பத்திரங்கள் கிடக்கின்றன. வட்ட வட்டமான பர்மிய எழுத்து, மங்கிப்போன முத்திரை, கரையான் அரித்த ஓரம். அத்தனை ஏக்கரும் இன்று வெறும் தாள்.

1930இல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. அங்கே விவசாயிகளுக்குக் கடன் கொடுத்திருந்த செட்டியார்களிடம், கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. 1930களின் முடிவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வயல் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942இல் ஜப்பான் படை நுழைந்தது. விடுதலைக்குப் பின் நிலம் நாட்டுடைமையானது. எல்லாம் போயிற்று.

இன்றைய முருகப்பா குழுமத்துக்கு வித்திட்ட பள்ளத்தூர் முருகப்பச் செட்டியாரும் 1900இல் அதே பர்மாவில்தான் லேவாதேவி தொடங்கினார். ஆனால் அந்தக் குடும்பம் ஜப்பானியர் வருவதற்கு முன்பே, 1930களிலேயே, முதலைத் திரட்டி இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. தொடங்கினார்கள். 1949இல் சைக்கிள், 1954இல் தச்சர் கையிலிருக்கும் உப்புத்தாள், 1978இல் சோழமண்டலம் நிதி நிறுவனம், 1981இல் சர்க்கரையும் உரமும் செய்துவந்த, நலிந்துகிடந்த பாரி கம்பெனி.

ஒரு நிறுவனம் ஏன் செழித்தது, ஏன் சரிந்தது என்று கேட்டால் பலரும் சூழலைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போரை யாரும் தடுத்திருக்க முடியாது, உண்மைதான். கையிலுள்ள முதலை எந்த ஊரில், எந்தத் தொழிலில் வைப்பது என்பது மனிதர் எடுக்கும் முடிவல்லவா?

பல தொழில் வைத்திருந்தால் ஒன்று விழுந்தாலும் மற்றொன்று தாங்கும் என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. சர்க்கரையும் உரமும் பார்வைக்கு வேறு வேறு தொழில்கள். கரும்புக்கு நியாய ஆதாய விலையை டெல்லி அறிவிக்கிறது. சர்க்கரையை ஏற்றுமதி செய்யலாமா கூடாதா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. உர மானியமும் அப்படியே. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் பொய்த்தது. அப்படியொரு ஆண்டில் விவசாயி கரும்பும் நடமாட்டான், உர மூட்டையும் வாங்கமாட்டான். இரண்டும் ஒரே மழையை நம்பி நிற்கின்றன. உப்புத்தாளும் இரும்புக் குழாயும் அப்படியல்ல. அவற்றுக்குத் தொழிற்சாலை ஓடினால் போதும். எத்தனை தொழில் என்று எண்ணுவதைவிட, எது எதை நம்பி நிற்கிறது என்று பார்ப்பதுதான் தலைமையின் முதல் வேலை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கணக்கு முறைகேடுகள் 2019இல் வெளியே வந்து சிஜி பவர் நிறுவனம் நிலைகுலைந்து கிடந்தது. மறு ஆண்டு, கொரோனா முடக்கத்தில் எல்லாரும் கையிருப்பை இறுக்கிப் பிடித்திருந்தபோது, முருகப்பா குழுமத்தில் இரும்புக் குழாய் செய்கிற டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஏறக்குறைய 700 கோடி ரூபாய் போட்டு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. மின்மாற்றியும் மோட்டாரும் செய்கிற நிறுவனம் அது. கரும்பு வயலில் மழை பெய்ததா என்று அது கேட்பதில்லை.