துருவமும் வானமும் ஒரே சொல்

லத்தீன் அகராதியில் போலுஸ் என்ற சொல்லைத் தேடினால் முதலில் 'துருவம்' என்று இருக்கும், அதாவது வானம் சுற்றும்போது நடுவில் அசையாமல் நிற்கும் புள்ளி. அடுத்து, 'கவிதை வழக்கில் வானம்' என்று ஒரு குறிப்பு. லத்தீன் படிக்க ஆரம்பித்ததிலிருந்து இந்தக் குறிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வானம் என்ற பொருளைக் கவிஞர்கள் அலங்காரத்துக்காக ஒட்டவைத்தது போல அது சொல்கிறது. அப்படி இல்லை என்பதுதான் என் கட்சி.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அது போலோஸ். சுழலுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. சமஸ்கிருதத்தின் சக்கரமும் அதே ஆதி வேரிலிருந்து வந்ததுதான். அதாவது நாம் தினமும் சொல்லும் சக்கரத்துக்கு இது தூரத்து உறவு. (ஆங்கிலத்தில் கம்பத்துக்கும் துருவத்துக்கும் போல் என்ற ஒரே ஒலி இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். கம்பம் வந்தது பாலுஸ் என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து. இரண்டுக்கும் தொடர்பில்லை.)

கி.மு. 414-இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் 'பறவைகள்' நாடகத்தில் ஓர் இடம் வரும். பறவைகளின் இருப்பிடமான வானத்தை போலோஸ் என்று சொல்லி, எல்லாம் அங்கே சுழல்வதால் அந்தப் பெயர் என்கிறான் ஒருவன். அதில் குடியேறி வேலி கட்டிவிட்டால் போலோஸ் போலிஸ் ஆகிவிடுமாம். போலிஸ் என்றால் நகரம். மேடையில் சொன்ன உடனே கூட்டத்துக்குப் புரிய வேண்டிய சிலேடை இது. வானம் என்ற பொருள் அன்றைக்கே ஊரறிந்ததாக இருந்தால்தானே அது எடுபடும்? ரோமானியக் கவிஞர் விர்ஜில் பிறப்பதற்கு முந்நூறு வருடங்களுக்கு முன்பே நிலைமை இதுதான்.

நம் இலக்கணத்தில் சினையாகுபெயர் என்று படித்திருப்போம். வெற்றிலை நட்டான் என்றால் இலையை நடவில்லை, கொடியை நட்டான். போலுஸையும் அப்படி, உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகி வந்தது என்று விளக்கிவிடலாம். ஆனால் எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. இலையைத் தனியாகப் பறித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். துருவத்தை அப்படித் தனியாகப் பார்க்க முடியாது. மொத்த வானமும் சுற்றுவதைப் பார்த்த பிறகுதான், சுற்றாத புள்ளி ஒன்று நடுவில் இருப்பதே தெரியவரும்.

அதுவும் விர்ஜில் காலத்தில் அந்தப் புள்ளியில் பிரகாசமான நட்சத்திரம் எதுவும் கிடையாது. இன்றைக்குத் துருவத்திலிருந்து ஒரு டிகிரிக்கும் குறைவான தூரத்தில் நிற்கும் நம் துருவ நட்சத்திரம் அன்று சுமார் 12 டிகிரி தள்ளி இருந்தது. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 வருடங்களுக்கு ஒருமுறை மெதுவாக வட்டமிடுவதுதான் காரணம். ஆக, அவர்கள் சொன்ன துருவம் வெறும் இருட்டு.

நம் துருவம் என்ற சொல் வேறு மாதிரி. சமஸ்கிருத த்ருவ என்பதற்கு அசையாதது, நிலையானது என்று பொருள். ஒரே இடத்துக்கு ஒரு மொழி நிற்பதைப் பார்த்துப் பெயர் வைத்தது, இன்னொன்று சுழல்வதைப் பார்த்து வைத்தது. இரண்டுமே சரி. ஆனால் போலுஸ் வரும் இடத்தில் எல்லாம் யோசிக்காமல் துருவம் என்று போட்டால் சுழற்சி காணாமல் போய்விடுகிறது.

விர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தின் முதல் காண்டத்தில் புயல் எழும்போது போலுஸ் பன்மையில் இடி இடிக்கிறது. துருவங்கள் இடித்தன என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? அதே காண்டத்தில், தனக்கு அடைக்கலம் தந்த அரசி டைடோவிடம் காவிய நாயகன் ஈனியாஸ் பேசும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆறுகள் கடலுக்கு ஓடும் வரை, மலைச்சரிவுகளில் நிழல்கள் நகரும் வரை, போலுஸ் நட்சத்திரங்களை மேய்க்கும் வரை உன் பெயரும் புகழும் இருக்கும் என்கிறான். மந்தைக்குத் தீனி போடும் சொல்லை அங்கே வைத்திருக்கிறார் விர்ஜில். ராத்திரி முழுக்க ஒரே மையத்தைச் சுற்றி மேயும் மந்தை! இங்கே வானம் என்று மட்டும் எழுதினாலும் ஏதோ குறைகிறது. இன்னும் எனக்குத் திருப்தியான ஒரு தமிழ்ச்சொல் அகப்படவில்லை. 'சுழல்வான்' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

அப்படி ஒரு சொல் நம்மிடம் அகப்படாததற்கு ஊரும் ஒரு காரணம். ரோமில் துருவம் அடிவானத்திலிருந்து 42 டிகிரி உயரத்தில் இருக்கும். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்களும் அங்கே மறைவதே இல்லை. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சென்னையில் துருவம் 13 டிகிரிதான். அந்த ஏழும் இங்கே உதிக்கின்றன, மறைகின்றன.