டி வந்துச்சா?

அம்மா: ஏன்டா, பைக் செயின் அந்தா பின் சக்கரத்துல தொங்குது. அதை மாத்த எஞ்சினை எதுக்குடா தொறந்து போட்டிருக்க?

மகன்: அது வேற செயின்மா. இது டைமிங் செயின், எஞ்சினுக்குள்ள இருக்கும். ஒரு மாசமா கரகரன்னு சத்தம் வருதுல்ல, இது லூசாகித்தான்.

அம்மா: அதுக்கு என் இட்லி குண்டான்லயா ஆயிலைப் புடிச்சு வைப்ப?

மகன்: கழுவித் தர்றேன். இப்ப பேசாத, இந்த மேக்னட்டுச் சக்கரத்தைச் சுத்தி டி வரணும், டி வந்தாதான் அடுத்த வேலை.

அம்மா: இப்பத்தானே குடிச்ச... சரி இரு. (போய்ட்டு வந்து) இந்தா.

மகன்: அய்யோ, அது எழுத்தும்மா! மேக்னட்டுல டி-ன்னு அடிச்சிருக்கும், அது எஞ்சின் கேஸ்ல இருக்கிற கோட்டுக்கு நேரா நின்னா பிஸ்டன் உச்சிக்கு வந்துருச்சுன்னு அர்த்தம்.

அம்மா: வந்துச்சா?

மகன்: வந்துச்சு, ஆனா இந்த டி இல்ல. பிஸ்டனோட சேர்ந்து சுத்துற கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா, வால்வைத் தொறக்கிற கேம் ஒரு சுத்துதான், அதனால டி ரெண்டு வாட்டி வரும், அதுல ஒண்ணுலதான் ரெண்டு வால்வும் மூடியிருக்கும்.

அம்மா: காலையிலேருந்து ரெண்டு டீயும் நான்தான் போட்டேன். எதுல என்னடா குறை?

மகன்: அம்மா... இன்னொரு ரவுண்டு சுத்தணும், அவ்ளோதான்.

அம்மா: இன்னொரு ரவுண்டுக்குப் பால் இல்ல. வாங்கிட்டு வர்றேன்.

(அரை மணி நேரம் கழிச்சு)

மகன்: இந்தக் கம்பியை விட்றாத, விட்டா செயின் உள்ள விழுந்துரும்.

அம்மா: கை கடுக்குது. மெக்கானிக் எவ்வளவுடா கேட்டாரு?

மகன்: கூலி மட்டும் 800. கொள்ளைம்மா.

அம்மா: இந்த ஸ்பேனர் செட்டு, புல்லரு, நெத்தியில கட்டியிருக்கிற லைட்டு?

மகன்: 2,300. அது இன்வெஸ்ட்மென்ட்.

அம்மா: வருசத்துக்கு எத்தனை வாட்டி இந்தச் செயினை மாத்துவ?

மகன்: ...

அம்மா: வெயில்ல குத்தவச்சு, நகத்துக்குள்ள எல்லாம் கிரீஸோட வேலை செய்யுற மனுசன் 800 கேட்டா கொள்ளை. நீ ஃபேனுக்கு அடியில உக்காந்து மீட்டிங்ல தலையாட்டுறியே, அதுக்கு எவனாச்சும் உங்கிட்ட பேரம் பேசுனானா?

மகன்: தள்ளும்மா, கிக் அடிக்கணும்.

(இருபது கிக்)

மகன்: செயினை ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டேன் போல.

அம்மா: வண்டி உங்கப்பாவோடது. ஆறு மணிக்கு வருவாரு, எத்தனை பல்லு தள்ளுதுன்னு அப்ப எண்ணிக்கலாம்.

மகன்: அந்த மெக்கானிக் நம்பர் இருக்கா?

அம்மா: பால் வாங்கப் போனப்பவே கடையில சொல்லிட்டுத்தான் வந்தேன். அடுப்புல இருக்கிற டீ அவருக்கு. நீ குண்டானைக் கழுவு.