கிறவல் வீதிக்கு எதற்கு 18 அங்குலச் சில்லு?

புரட்டாதி பிறந்துவிட்டால் வயல்காரர் வரம்பைப் பார்க்கிறார், ஓட்டு வீட்டுக்காரர் ஒழுக்கைப் பார்க்கிறார், நான் என் காரின் நான்கு சில்லுகளையும் பார்த்துப் பல்லைக் கடிக்கிறேன். யப்பானில் செய்த, வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கென்றே பதித்துக் கட்டிய செடான் கார் அது. வாங்கும்போதே 18 அங்குல அலோய் றிம்மும் 215/45 அளவு ரயரும் பூட்டியிருந்தன. கொழும்பில் அதை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மல்லாவியிலிருந்து மாங்குளம் வரை மாரியில் ஓடிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

அந்த 45 என்ற எண் எதைக் குறிக்கிறது என்று விற்றவர் சொல்லவில்லை. புத்தியுள்ளவனாக இருந்தால் நானாவது கேட்டிருக்க வேண்டும். ரயரின் அகலம் 215 மில்லிமீற்றர், அதில் நூற்றுக்கு 45 பங்குதான் பக்கச் சுவரின் உயரம். பெருக்கிப் பார்த்தால் 97 மில்லிமீற்றர்கூட வராது, அதாவது அரைச் சாணுக்கும் குறைவு. றிம்முக்கும் கிடங்குக்கும் நடுவே நிற்பது அந்த அரைச் சாண் இறப்பரும் காற்றும் மட்டுமே.

போன கார்த்திகையில் குளம் வான் பாய்ந்து, கிறவல் கரைந்து, வீதி முழுவதும் ஒரே சிவப்புத் தண்ணீராகக் கிடந்த ஒரு காலையில், எது வீதி எது கிடங்கு என்று தெரியாமல் மெல்லத்தான் ஊர்ந்துகொண்டிருந்தேன். சட்டியை உடைத்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. ஒட்டுப் போடும் கடையில் ஐயா சில்லைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசினார். ரயரில் ஒரு குமிழும் எழவில்லை. றிம்மின் உட்புற விளிம்பில், மயிரிழைபோல ஓடிய வெடிப்பிலிருந்து நுரை மட்டும் மெதுவாகப் பொங்கிக்கொண்டிருந்தது. "ரயருக்கெண்டால் ஒட்டுப் போடலாம் தம்பி, இதுக்கு என்னத்தைப் போடுறது?" என்று அவர் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. உருக்கி ஒட்டித் தருவதாக இன்னொருவர் சொன்னார். ஒட்டிய அலோய் பாரம் ஏறும்போது எந்த இடத்தில் மீண்டும் விடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பரீட்சையை நடத்த நான் ஆயத்தமில்லை.

சரி, மாரிக்கு ஏற்ற சில்லும் ரயருமாக ஒரு செற் வாங்குவோம் என்று நகரத்துக்குப் போனேன். என் வயிற்றெரிச்சல் உண்மையில் அங்கேதான் தொடங்கியது. ஒரு கடையில், "இது மழைக்கெண்டே செய்த ரயர் அண்ணை, பூவைப் பாருங்கோ, ஒருநாளும் வழுக்காது" என்று பழைய ரயர் நான்கை உருட்டி வந்து முன்னால் வைத்தார்கள். நிலத்தில் பதியும் பூவின் ஒவ்வொரு கட்டியிலும் கத்தியால் கீறியதுபோல நெளிநெளியாக நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருந்தன. பக்கச் சுவரைத் துடைத்துப் பார்த்தால் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருந்தது. யப்பானின் பனி கொட்டும் ஊர்களில் ஓடுவதற்கான ரயர் அது! வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினாலும் இறுகாமல் இருக்கவேண்டும் என்று மெதுமையாகவே வார்த்த இறப்பர், மார்கழி இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான நம் ஊரில் என்ன பாடுபடும்? சூடேறிய தார் வீதியில் பூ நெளியும், விரைவாகத் தேயும், ஈரத்தில் பிறேக் பிடித்தால் சாதாரண ரயரைவிடத் தூரம் போய்த்தான் நிற்கும். போதாக்குறைக்குத் திகதி எண் 2316, அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. இதைச் சொன்னதற்கு, "எல்லாரும் இதைத்தானே அண்ணை கொண்டுபோகினம்" என்பதே பதில்.

மொன்றியலில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு இந்தத் தலையிடியே இல்லை. கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி ரயர் பூட்டியே ஓடவேண்டும் என்பது சட்டம். அதனால் அவன் கோடைக்கு 18 அங்குல அலோய், பனிக்கு 16 அங்குல இரும்பு றிம் என்று இரண்டு செற் வைத்து மாறிமாறிப் பூட்டுகிறான். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பனி ரயரை அல்ல, றிம்மைச் சிறிதாக்கும் கணக்கை. 205/60 அளவு ரயரை 16 அங்குல றிம்மில் போட்டால் பக்கச் சுவர் 123 மில்லிமீற்றராக உயர்கிறது. முழுச் சில்லின் விட்டம் பழையதைவிட 2 மில்லிமீற்றர்கூடக் கூடவில்லை என்பதால் வேகமானி பொய் சொல்லாது. இரும்பு றிம் வளைந்தாலும் பெரும்பாலும் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம்.

இந்த எளிய கணக்கை வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஒரு கடைக்காரரும் காதில் வாங்கவில்லை. "இந்தக் காருக்கு 16 போட்டால் மதிப்பில்லை" என்றார் ஒருவர். என் மருமகனோ, "இரும்புச் சில்லோ? மாமா, வாடகைக் கார் மாதிரி இருக்கும்" என்று முகத்தைச் சுளித்தான். மதிப்பை யார் பார்க்கப்போகிறார்கள்? ஏ9 வீதியில் படுத்திருக்கிற மாடுகளா? ஊர் எல்லைக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகமே 70 கிலோமீற்றர்தான். இவர்களோ 240 கிலோமீற்றர் வேகம் தாங்கும் 'வி' தர ரயர் இல்லாவிட்டால் ஆபத்து என்று என்னைப் பயமுறுத்துகிறார்கள்.

ஒருவழியாக 16 அங்குல றிம் அகப்பட்டபோது அதன் நடுத்துளை 73.1 மில்லிமீற்றர், அது போய் உட்காரவேண்டிய என் காரின் அச்சுக்குடமோ 67.1. அந்த இடைவெளியை நிரப்பும் இடைவளையம் போடாமல் பூட்டிவிட்டு, ஸ்டியரிங் உதறினால், "பலன்ஸ் பாருங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். காசு கொடுக்குமுன் ஒரு சில்லையாவது பூட்டிச் சுழற்றி, சிறிய றிம் உள்ளே இருக்கும் பிறேக் கலிப்பரில் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும் என்றேன். தன்னை நான் நம்பவில்லை என்று கடைக்காரர் கோபித்துக்கொண்டார், நான் விடவில்லை. உரசவில்லை.

றிம் நான்கும் இடைவளையத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டன. ரயர் இரண்டுதான் வந்தது. இவ்வளவுக்கும் களுத்துறையிலும் கேகாலையிலும் இறப்பர் மரம் வைத்துப் பால் எடுக்கும் நாடு இது. மற்ற இரண்டும் "வாற கிழமை" என்று ஆவணியில் சொன்னவர்கள், ஐப்பசி மழை இறங்கிவிட்ட இன்றைக்கும் அதையே சொல்கிறார்கள். கார் கொட்டிலுக்குள் நிற்கிறது. நான் குடையோடு மாங்குளம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்.